குடிக்காமல் ஆறிய தேத்தண்ணி

வெள்ளைக் கோட்டின் கை மடிப்பிலிருந்து அந்த ஸ்ட்ரோபெரி எசென்ஸ் வாசனை இன்னும் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாளியில் ஊறப்போட்டேன். சவர்க்காரம் போட்டுக் கசக்கினேன். வெந்நீரில் அலசி மோந்து பார்த்தேன். இருக்கிறது. இரத்தமென்றால் பச்சைத் தண்ணீரிலேயே போயிருக்கும். நம் வேலையில் கோட்டில் இரத்தம் படுவதும் கழுவுவதும் புதிதா என்ன? இது கேக்கின் ஐசிங். அதிலும் நம் மாப்பிள்ளை வாங்கி வந்த கேக்கின் ஐசிங். பதுளையில் காலையிலிருந்து தூறல் விட்டபாடில்லை, கோட்டு இன்றைக்குக் காயப்போவதுமில்லை. எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. குமட்டும்போதெல்லாம் உன்னிடம் வந்து கொட்டித்தானே எனக்குப் பழக்கம். நீ செத்துப்போய்விட்டாய் என்பதற்காக நான் வேறு யாரிடம் போவது? நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாப்பிள்ளையை நினைவிருக்கும். முதலாம் ஆண்டில் பிணம் அறுக்கும் வகுப்புக்குப் பெண் பார்க்க வந்தவன் மாதிரி மடிப்புக் கலையாத சட்டையும் செண்டும் போட்டு வந்தானே, நம் வகுப்புத் தோழன், நீதான் அந்தப் பெயரை வைத்தாய். இப்போதும் அப்படித்தான் வருகிறான். நீ போன பிறகு நான் அரசாங்க வேலையை விட்டு ஊரின் மேட்டில் புதிதாக எழும்பிய தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பெயர் எழுத மனமில்லை. அங்கே இருதயக் குழாய்ப் பிரிவுக்கு மாப்பிள்ளை தலைவன், நான் இரண்டாமிடம். சிரிக்காதே. நீ உயிரோடு இருந்தால் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

கேக் எதற்கென்றால், எங்கள் பிரிவு ஒரு வருடமாக ஒரு சிக்கல்கூட இல்லாமல் நோயாளிகளுக்குக் குழாய் விட்டிருக்கிறதாம். அதற்கு விழா. இருதய வடிவத்தில் கேக், அதன்மேல் சிவப்பு ஜெலி பளபளவென்று ஊற்றி, நடுவில் வெள்ளைக் கிரீமில் ஆங்கிலத்தில் ‘சிக்கல் பூச்சியம்’ என்று எழுதியிருந்தார்கள். உண்மையான இருதயத்தைத் தினமும் பார்க்கிறவர்கள் எப்படித்தான் அந்த ஜெலியைக் கத்தியால் வெட்டி வாயில் போடுகிறார்களோ. வாசலில் பேனர் வேறு. அதில் மாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் மங்கலாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள், கூடையும் தலையில் துண்டுமாக. அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் அந்தப் படம் எதற்கென்று தெரியாது.

கொழும்பில் ஒரு மாநாட்டில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் நின்ற பெரிய தலைகளுக்கெல்லாம் கேட்கும்படி நீ சொன்னாயே, அது பேனரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. “எனக்குச் சிக்கலே வந்ததில்லன்னு ஒருத்தன் சொன்னா, ஒண்ணு லேசான கேஸா பொறுக்கிப் பொறுக்கிச் செய்றான், இல்லாட்டி வந்தத எண்ணல.” அடுத்த மாநாட்டுக்கு உன்னைப் பேசக் கூப்பிடவில்லை. நீ அதைப் பொருட்படுத்தவுமில்லை. சோறு நல்லா இருந்திச்சு, அது மட்டுந்தான் நட்டம் என்றாய்.

உன் கையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு ஞாபகம் வருவது உன் கண். குழாய் அடைந்துபோய் வருடக்கணக்காகி, சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிட்ட கேஸ்கள் உன்னிடம்தான் வரும். மணிக்கட்டு வழியாகவோ தொடையிடுக்கு வழியாகவோ உள்ளே போய், நூலைவிடச் சற்றே தடித்த கம்பியை அந்தக் கல்லுக்குள் நுழைத்து மறுபக்கம் எடுக்க வேண்டும். அந்தக் கம்பியின் மேல்தான் பலூன் போகும், அதற்குப் பிறகு குழாயை விரித்துத் தாங்குகிற ஸ்டென்ட் போகும். அந்த நேரத்தில் அறையில் உள்ள எல்லோருடைய கண்ணும் அடைப்பின் மேல் இருக்கும். கம்பி அடைப்பைத் தாண்டியதும் பெருமூச்சு விடுவார்கள், ஒருவருக்கொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நீ சிரிக்கமாட்டாய். திரையின் ஒரு மூலையில், யாரும் பார்க்காத இடத்தில், கம்பியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பாய். “நுனி எங்க? நுனியப் பாருங்க” என்று கத்துவாய். அடைப்பைத் துளைக்கிற அளவுக்கு முரட்டுத்தனமான கம்பி, மெல்லிய கிளைக்குள் நழுவிப் போனால் அதையும் துளைக்கும். பலூனையும் ஸ்டென்டையும் ஏற்றி இறக்கும்போது கம்பி தன்பாட்டில் முன்னால் நகரும். குத்தினால் உடனே தெரியாது. மெல்லக் கசியும்.

அதனால் அடைப்பைத் தாண்டிய மறு நிமிடமே அந்த முரட்டுக் கம்பியை எடுத்துவிட்டு மெதுவான கம்பியை மாற்றுவாய். நேரம் போகிறதே என்று பக்கத்தில் நிற்பவர்கள் முணுமுணுத்தால், “முரடன் வேல முடிஞ்சா கூலியக் குடுத்து அனுப்பிரணும். வீட்டுல வச்சுச் சோறு போடக்கூடாது” என்பாய். ஓட்டை விழுந்துவிட்டதென்றாலும் உனக்குப் பதற்றம் வராது. பயந்துபோய்க் கம்பியை வெளியே இழுக்கிறவன்தான் நோயாளியைக் கொல்கிறான், கம்பி உள்ளே இருக்கிறவரை திரும்பிப் போக வழி இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் சொல்லி வைத்திருந்தாய். பலூனை ஊதிக் கசிவை நிறுத்தி வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யலாமென்று ஏதோ சந்தையில் மீன் வாங்க வந்தவள்போல யோசிப்பாய்.

ஆனால் நீ குழாய் விட்ட கதிரேசனுக்கு, கசிவு தெரியும் முன்பே கம்பி எடுத்தாகிவிட்டிருந்தது. அவர் உங்கள் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரி வேலைக்காரர். நாம் இருவரும் அப்போது வேறோர் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கடைசிப் படம் அழகாக இருந்தது. குழாய் முழுக்க இரத்தம் ஓடியது. வாட்டுக்கு அனுப்பினோம். வாட்டில் டொக்டர்கள் ஒவ்வொருவராக வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் அவர் “நல்லா இருக்கேங்க சேர்” என்றார். பிரஷர் குறைந்துகொண்டே வந்தது. தோட்டத்துக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும், இரத்தத்தில் சத்துக் கிடையாது என்று சேலைனைப் போட்டுவிட்டுப் போனார்கள். நீ அடுத்த கேஸில் நின்றுகொண்டிருந்தாய். உன்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. மத்தியானத்துக்குள் அந்த மனிதர் போய்விட்டார். கடைசியாக அவர் சொன்னதும் நல்லா இருக்கேன் என்றுதான்.

நீ படங்களையெல்லாம் திரும்பப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாய். கடைசிப் படத்தின் ஓரத்தில், கம்பி நுனி இருந்திருக்கக்கூடிய இடத்தில், கடுகளவுக்கு ஒரு கறை. அதைப் பார்த்துவிட்டு நேராக எழுந்து வெளியே போனாய். அவருடைய மனைவியும் மைத்துனரும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். “என் கம்பி குத்தித்தாங்க அவரு போனாரு. அவரு நோயால இல்ல” என்றாய். மைத்துனர் எழுந்து வந்து உன் முகத்தில் துப்பினார். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ என் கையை உதறிவிட்டு, முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாவின் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தாய். மீதியையும் சொல்லி முடித்தாய். எனக்கு அப்போது உன்மேல் கோபம்கோபமாக வந்தது. இதெல்லாம் தேவையா என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குச் சமையலறைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று நீ பேசியது எனக்கு அப்படியே இருக்கிறது. நான் பதுளை டவுனில் பிறந்தவள், அப்பா பள்ளிக்கூடத்துக் கிளார்க், எனக்குத் தோட்டம் என்பது பஸ் ஜன்னலில் தெரிகிற பச்சை. நீ தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். “ஒனக்குத் தெரியாதுடி. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல போய் நின்னுக்கிட்டு ஒடம்பு சரியில்லன்னு சொன்னா அன்னைக்குப் பேரு கெடையாது, கூலியும் கெடையாது. கங்காணி கேட்டாலும் தொரை கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லணும். எங்கம்மா காச்சலோட நின்னு சொல்லும். அதே வாயிதான் இங்க வந்து படுத்திருக்கு. கோட்டுப் போட்டவன் யாரு கேட்டாலும் அதுதான் வரும். நாம அதக் கேட்டுக்கிட்டு எழுதி வைக்கிறோம், நோயாளி நலம்னு.” சொல்லிவிட்டுக் காறித் துப்பினாய். நீ அப்படித் துப்பி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் உன் தேத்தண்ணி ஆரம்பித்தது. தோட்டத்து நோயாளிக்குக் குழாய் விட்ட நாட்களில், கொஞ்ச நேரம் கழித்து நீயே கையில் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயோடு வாட்டுக்குப் போவாய். ஒரு கேள்வியும் கேட்கமாட்டாய். கட்டிலுக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்துவிட்டு, வேறு யாரையோ பார்ப்பதுபோல் போய்த் திரும்பி வருவாய். குடித்திருந்தால் சரி. கோப்பை அப்படியே ஆறிப்போய் நிரம்பியிருந்தால் உடனே எக்கோ மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து நெஞ்சில் வைத்துப் பார்ப்பாய். வாய் பொய் சொல்லும், தேத்தண்ணியைக் குடிக்காமல் விடுகிற தோட்டத்து ஆளை நான் பார்த்ததே இல்லை என்றாய். பலமுறை உன் கணக்குத் தப்பியது. ஒருவர் சனி விரதம் என்று குடிக்கவில்லை, ஒரு பாட்டி சீனி போதாது என்று முகத்தைச் சுளித்தார். அதற்கென்ன, கொஞ்சம் ஜெல்தானே வீண் என்று நெஞ்சைத் துடைத்துவிட்டு வருவாய். தப்பாத தடவைகளில் ஆட்கள் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளை இதை ‘டீக்கடை வைத்தியம்’ என்று கொழும்பு வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரித்தான்.

போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். கேக் வெட்டிய நாள்.

பாக்கியம் என்று ஓர் அம்மா. ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவர். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பும் உதவியில் எங்கள் ஆஸ்பத்திரி தோட்டத்து ஆட்களுக்கு இலவசமாகச் செய்கிறது. இலவசம் என்றால், வந்ததும் படம் எடுப்பார்கள், போகும்போது பூங்கொத்துக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். அந்த அம்மாவுக்கு மலையேறினால் நெஞ்சு அடைக்கிறது. பழைய அடைப்பு, கல். விழா அன்றைக்கே இப்படியொரு கஷ்டமான கேஸைச் செய்து காட்டினால் எடுப்பாக இருக்குமென்று மாப்பிள்ளை அதை அன்றைக்கு வைத்திருந்தான். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

கை வேலையில் அவனைக் குறை சொல்லமுடியாது. சுத்தமாகத் தாண்டினான். நான் கண்ணாடிக்கு வெளிப்பக்கம், திரைக்கு முன்னால் இருந்தேன். தாண்டியதும் அவன் கம்பியை மாற்றவில்லை, முரட்டுக் கம்பியின் மேலேயே பலூனையும் ஸ்டென்டையும் ஏற்றினான். நுனி முன்னால் போகிறது என்று மைக்கில் சொன்னேன். தெரியும் என்றான். பார்க்கவில்லை. கடைசிப் படத்தில் ஓரமாக ஒரு மங்கல் தெரிந்தது. இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். அம்மா மூச்சு விட்டதால் கலங்கியிருக்கிறது, வீணாகப் படத்துக்கான மருந்தை ஏற்றிக் கிட்னியைக் கெடுக்கவேண்டாம் என்று கம்பியை உருவிவிட்டு, கையுறையைக் கழற்றிக் கூடையில் வீசினான். விழாவுக்கு டிரெக்டர்மார் காத்திருந்தார்கள்.

நான் பிளேன்டீ எடுத்துக்கொண்டு வாட்டுக்குப் போனேன். கோப்பையை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தபோது கோப்பை நிரம்பியபடியே இருந்தது. தொட்டால் ஆறிக்கிடந்தது. அந்த அம்மாவின் உதடு காய்ந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்து, “நல்லா இருக்கேங்க டொக்டரம்மா. அப்புறமா குடிக்கிறேன்” என்றார். நாடியைப் பிடித்தால் ஓடுகிறது. வாட்டுச் சிஸ்டர் பாவம், பிரஷர் குறைகிறதென்று இரண்டு தரம் மேலே போன் பண்ணியிருக்கிறாள். தோட்டத்து ஆட்களுக்கு அப்படித்தான் இருக்கும், சேலைன் போடு என்று பதில் வந்திருக்கிறது. அடியே, அதே வார்த்தை. எத்தனை வருடமாகிவிட்டது, எத்தனை மெஷின் வந்துவிட்டது, அதே வார்த்தை.

எக்கோ மெஷின் வாட்டில் இல்லை. புதிதாக நன்கொடையாக வந்த மெஷின், படத்தில் பின்னால் தெரியவேண்டும் என்று மேலே டொக்டர்மார் அறைக்குக் கொண்டுபோய் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஓடினேன். கதவைத் திறந்தால் கைதட்டல். கேக் மேசையை மெஷினுக்கு முன்னால் முட்டிக்கொண்டு போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை கத்தியோடு நிற்கிறான். மெஷின் வேண்டும் என்றேன். அவன் புன்னகையை மாற்றாமலே பல்லிடுக்கில், “அவளுக்கு ஒண்ணுமில்ல. நீயும் அவள மாதிரி ஆரம்பிக்காத. ஒரு போட்டோ எடுத்துட்டுப் போவோம்” என்றான். முதல் ‘அவள்’ பாக்கியம். இரண்டாவது ‘அவள்’ நீ. நான் மேசையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மெஷினை இழுத்தேன். அப்போதுதான் கை கேக்கின் குறுக்கே போனது. ஜெலியும் கிரீமும் முழங்கை வரைக்கும். யாரோ ஐயோ என்றார்கள். கேக்குக்குத்தான் ஐயோ.

அந்த அம்மாவின் நெஞ்சில் வைத்ததும் தெரிந்தது. இருதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், வலதுபக்கம் அமுங்கித் துடிக்க இடமில்லாமல் நெளிந்தது. நெஞ்செலும்புக்குக் கீழே ஊசியை விட்டுக் குழாயைச் சொருகினேன். இரத்தம் வந்தது. கொஞ்சம் வந்ததுமே பிரஷர் ஏறியது, அந்த அம்மா பெரிதாக ஒரு மூச்சு இழுத்தார். ஆனால் நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. ஓட்டையை அடைத்தாகவேண்டும். ஒப்பரேஷனுக்குக் கண்டிக்கு அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். அந்த ரோட்டில், அந்த வளைவுகளில், அந்த இருதயத்தோடு. நான் திரும்பக் குழாய் விடுகிற லேப்புக்கே கொண்டுபோனேன். மாப்பிள்ளையும் ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது. நான் சொன்னதைச் செய்தான்.

நுனிக்கிளையில் விழுந்த ஓட்டையை அடைக்கச் சின்னச் சுருள்கள் இருக்கின்றனவே, அவை எங்கள் அலமாரியில் இல்லை. சிக்கலே வராத இடத்துக்கு எதற்கென்று போன தடவை வாங்கவில்லையாம். சீ. நான் மறுபடி கம்பியை உள்ளே விட்டு, பலூனை ஊதிக் கசிவை மறித்து வைத்துக்கொண்டு உன் வழிக்குப் போனேன். நோயாளியின் கொழுப்பிலேயே ஒரு துணுக்கை எடுத்து, மெல்லிய குழாய் வழியாக அந்தக் கிளைக்குள் அனுப்பி அடைப்பது. அவரவர் உடம்பே அவரவருக்கு ஒட்டுப்போடும் என்பாய். தொடையிடுக்கில் கிள்ளிப் பார்த்தேன். தோல்தான் வந்தது. தொப்புளுக்குக் கீழே கிள்ளினேன். அங்கேயும் தோல். மலையையே கூடையில் சுமந்து இறக்கிய உடம்பு, தனக்கென்று இரண்டு அரிசி அளவுக்குக் கொழுப்புச் சேர்த்து வைத்திருக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை. பேனர் படத்திலிருந்த பெண்கள் கண்ணில் வந்துபோனார்கள்.

தொடையிடுக்கில் சின்னதாக வெட்டி ஆழத்தில் தேடினேன். குருணை மாதிரி மஞ்சளாக இரண்டு துணுக்குகள் கிடைத்தன. படத்தில் தெரிவதற்கு மருந்தில் நனைத்து, முதலாவதை அனுப்பினேன். பலூனைத் தளர்த்திப் பார்த்தால் கசிவு குறைந்திருந்தது, நிற்கவில்லை. மிச்சம் ஒன்றே ஒன்று. அதையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மறுபடி படம் எடுத்தேன், திரையின் ஓரத்தை மட்டுமே பார்த்தேன். சுத்தம். மேலும் ஒரு தடவை எடுத்தேன். சுத்தம். மாப்பிள்ளை இந்தத் தடவை கிட்னியைப் பற்றிப் பேசவில்லை.

கை கழுவுகிற இடத்தில்தான் பேசினான். முன்னமே நெஞ்சைச் சுற்றி நீர் கோத்திருந்தது, அது கூடிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றான். குரலில் ஒரு குழைவு, பழைய சிநேகிதம். நான் நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். “இது ஒண்ணும் பொய்யில்ல, ஒரு மாதிரி சொல்றதுதான். அவங்களுக்கு என்ன விளங்கப்போவுது? உயிரக் காப்பாத்தினதுக்குக் கும்பிடத்தான் போறாங்க.” நான் நுரையை வழித்துவிட்டுக் குழாயை மூடினேன்.

அவன் சொன்னபடியே நடந்தது, அதுதான் கொடுமை. மறுநாள் காலை ரவுண்ட்ஸில் நெஞ்சில் குழாய் தொங்க, கையில் ஊசி தொங்க, அந்த அம்மா மாப்பிள்ளையைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். நீங்கதான் எனக்குச் சாமி என்றார். அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையைத் தூக்கி, ஆசீர்வாதம் செய்கிற மாதிரி வாங்கிக்கொண்டான். கூச்சமே இல்லை. போகிறபோக்கில் எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்டான், அவருக்கு வாயில் என்ன வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். பின்னால் நின்ற இளம் டொக்டர்கள் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எத்தனையோ புண்ணையும் சீழையும் பார்த்தவள் நான். அந்தக் கும்பிடைப் பார்த்தபோது வந்த மாதிரி வாந்தி எனக்கு எதைப் பார்த்தும் வந்ததில்லை.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் மாப்பிள்ளையை நிறுத்தி, நான் அவரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கிற காலம் வருவதை ஞாபகப்படுத்தினான். ஞாபகம் இருக்கிறது என்றேன். அவன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேனரும் இன்னும் இறங்கவில்லை.

திரையை இழுத்து விட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அம்மா, நேத்து ஒங்க நெஞ்சச் சுத்தி ரத்தம் கட்டினது ஒங்க நோயால இல்ல. நாங்க விட்ட கம்பி ஒரு சின்னக் கொழாயக் குத்திருச்சு. அது எங்க கையால வந்தது” என்றேன். உன்னளவுக்கு அழகாக எனக்குத் தோட்டத்துப் பேச்சு வராது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப நான் செத்திருப்பேங்களா?”

ஆமா என்றேன்.

“அந்த ஐயாவையா நான் கும்பிட்டேன்?”

அவர் காலையில் கூப்பிய தன் கைகளை ஏதோ அழுக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். போர்வையில் துடைத்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “நீங்க போங்க” என்றார்.

எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன். போகச் சொல்லிவிட்டார், போவதுதான் மரியாதை என்று காலும் சொன்னது. உன் விரல் எனக்கு வரவில்லை, உன் கண்ணில் பாதிகூட வரவில்லை, உன் வாய் சுத்தமாக வரவில்லை. துப்பியதைத் துடைத்துக்கொண்டு நீ அந்த வாங்கில் உட்கார்ந்தபோது உன்னை இழுத்துக்கொண்டுபோகப் பார்த்தவள் நான். இத்தனை வருடம் கழித்து உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த உட்கார்தல் ஒன்றுதான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வெகுநேரம் அவர் திரும்பவில்லை. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு சுவரைப் பார்த்தபடியே, “போகலயா?” என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு ஆரம்பித்தார். நேற்று மூச்சே வரவில்லையாம், நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்ததாம், சொன்னால் இனிமேல் தோட்டத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவரமாட்டார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாராம். படம் எடுக்கும்போது யாரும் கேட்கவில்லையாம், சேலை விலகியிருந்ததாம். இந்தச் சோற்றை மனுசர் தின்பார்களா என்றார். பக்கத்துக் கட்டிலுக்கு இரண்டு தலையணை, தனக்கு ஒன்று என்றார். குரல் ஏறிக்கொண்டே வந்தது, அடுத்த கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவர் நிறுத்தவில்லை. நான் ஒன்றுக்கும் சமாதானம் சொல்லவில்லை. கடைசியில் மெல்ல என் பக்கம் திரும்பி, என் கண்ணை நேராகப் பார்த்தார்.

“எனக்கு இப்பவும் வலிக்குதுங்க.”

எங்கே என்று கேட்டேன்.